ட்ரொம்சோ குளிர்காலப் படகுப் பயணம்: திமிங்கலத்துக்குத் தாராளமாகப் போகலாம், துருவ ஒளியைப் படகிடம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்

நார்வேயின் வடக்கே ட்ரொம்சோவுக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் ஒரே சீட்டில் திமிங்கலத்தையும் துருவ ஒளியையும் (இரவு வானில் பச்சையாக ஆடும் அரோரா) பார்த்துவிட ஆசைப்படுகிறார்கள். கிடைக்கவும் செய்யும். ஆனால் திமிங்கலத்துக்கு மீன் கூடியிருக்கும் இடத்துக்குப் பகலில் போக வேண்டும். ஒளிக்கு மேகம் விலகிய இடத்துக்கு இரவில் போக வேண்டும். படகு முதல் வேலையை அருமையாகச் செய்யும், இரண்டாவதில் அதன் கை கட்டப்பட்டிருக்கிறது. காசு கொடுப்பது திமிங்கலத்துக்கு என்று முடிவுசெய்துகொண்டு ஏறினால் இந்தப் பயணம் முழு மதிப்பு.

எல்லாமே ஹெர்ரிங் மீனைப் பொறுத்தது. நம்மூர் மத்திக்கு உறவான இந்த மீன், குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக ஃபியோர்டுகளுக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல் நுழைவுகளுக்குள், வந்து தங்கும். அதைத் தின்ன ஓர்காக்களும் (கறுப்பு வெள்ளை நிறக் 'கொலைகாரத் திமிங்கலம்') கூனல்முதுகுத் திமிங்கலங்களும் (ஹம்ப்பேக்) பின்னாலேயே வரும். 1990களில் தெற்கே டிஸ்ஃபியோர்டில் இருந்த கூட்டம், பின்னர் சில ஆண்டுகள் ட்ரொம்சோவை ஒட்டிய கால்ட்ஃபியோர்டுக்கு வந்தது. அப்போது நகரத்திலிருந்து கொஞ்ச தூரம் போனாலே போதும். 2017 வாக்கில் மீன் இன்னும் வடக்கே, ஷெர்வோய் தீவையும் க்வெனாங்கென் ஃபியோர்டையும் சுற்றி நகர்ந்துவிட்டது. ஆகவே பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு 'ட்ரொம்சோ பக்கத்திலேயே பார்க்கலாம்' என்று நம்பிப் போகாதீர்கள். முன்பதிவுக்கு முன் 'இந்தப் பருவத்தில் படகு எந்த ஃபியோர்டுக்குப் போகிறது?' என்று கேளுங்கள். நேரடியான பதில் வராத இடத்தில் சீட்டு வாங்க வேண்டாம்.

பருவம் நவம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரிக் கடைசிவரை. ட்ரொம்சோவில் நவம்பர் 27 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி 15 வரை அடிவானத்துக்கு மேலே வராது. டிசம்பரில் காலை 10 முதல் பகல் 1 வரை கிடைக்கும் நீல வெளிச்சந்தான் பார்க்கும் நேரம். எங்கள் தேர்வு நவம்பர் நடு. திமிங்கலமும் இருக்கும், தாழ்ந்த சூரியனின் இளஞ்சிவப்பு வெளிச்சமும் மலைமேல் இருக்கும். ஜனவரிக் கடைசியில் மீன் கிளம்பிவிடும் ஆபத்து அதிகம். பிப்ரவரிக்குப் போகிறவர்கள் ட்ரொம்சோவுக்குத் தென்மேற்கே உள்ள ஆண்டெனெஸ் ஊருக்குப் போவது நல்லது. அங்கே கரைக்கு மிக அருகிலேயே ஆழ்கடல் பள்ளம் இருப்பதால், ஸ்பெர்ம் திமிங்கலம் ஆண்டு முழுக்க உண்டு.

படகுகள் இரண்டு வகை. ட்ரொம்சோ துறைமுகத்திலிருந்து காலையில் கிளம்பும் பெரிய ஹைபிரிட் படகு, ஷெர்வோய் போக ஏறத்தாழ மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம். சூடான உள்ளறை, கழிப்பறை, சாப்பாடு எல்லாம் உண்டு. திமிங்கலம் தெரிந்ததும் எஞ்சினை விட்டுவிட்டு மின் மோட்டாரில் மெல்ல நகரும். அந்த அமைதிதான் இதன் பெரிய பலம். கூனல்முதுகு மூச்சுவிடும் ஓசை, பெரிய தோல் துருத்தியை ஒரே அமுக்காக அமுக்கியது போல, தெளிவாகக் காதில் விழும். வயதானவர்கள், குழந்தைகள், முதல்முறை போகிறவர்கள் எல்லோருக்கும் இதுவே சரி. சாப்பாட்டில் தரும் சூப் பெரும்பாலும் மீன் சூப்பாக இருக்கும். சைவம் வேண்டுமானால் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, ஷெர்வோயிலிருந்தே கிளம்பும் ரிப் எனப்படும் காற்றடைத்த விளிம்புள்ள வேகப்படகு. பன்னிரண்டு பேர் அளவில், குதிரைமேல் உட்காருவதுபோல் காலைப் பரப்பி உட்கார்ந்து, இரண்டு மூன்று மணி நேரம். தண்ணீருக்கு வெகு அருகில் இருப்பதால் ஓர்காவின் முதுகுத்துடுப்பு கண்மட்டத்தில் நிற்கும். ஆணின் துடுப்பு ஒரு ஆள் உயரம் இருக்கும். அதன் அளவு இங்கேதான் புரியும். ஆனால் அலைமேல் படகு விழும் ஒவ்வொரு முறையும் அடி நேராக முதுகெலும்பில் இறங்கும். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் ஏறவே கூடாது. மற்றவர்கள் பின்வரிசையைப் பிடியுங்கள், முன்வரிசையில்தான் குலுக்கல் அதிகம். கழிப்பறை கிடையாது. படகுக்காரர்கள் தரும் மிதவை உடையை மாட்டியபின் கழற்றுவது பெரிய வேலை, அதனால் அதற்கு முன்பே போய்விட்டு வாருங்கள்.

குளிரைப் பற்றி ஒரு கணக்கு. வெப்பநிலை −5 டிகிரி, படகின் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் முகத்தில் படுவது −15 போல இருக்கும். பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும், அது வேண்டாம். உடம்போடு ஒட்டிய மெரினோ கம்பளி, அதன்மேல் இன்னொரு கம்பளியோ ஃப்ளீஸோ, அதற்கு மேல் படகுக்காரர்கள் தரும் உடை. முதலில் விறைப்பது கால்விரல். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறை திணித்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் சீக்கிரம் விறைக்கும். ஒரு அளவு பெரிய பூட்ஸ், தடித்த காலுறை ஒன்று போதும்.

உல்ஸ்ஃபியோர்டு, லிங்கன் ஃபியோர்டு ஆகியவற்றின் வாய் திறந்த கடலைப் பார்த்திருக்கிறது. பெரிய படகும் அங்கே ஆடும். குமட்டல் தொடங்கியபின் மாத்திரை உதவாது. அவோமின் மாத்திரையோ, அங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் போஸ்டாஃபென் மாத்திரையோ, உங்களுக்கு ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பும் முன்பே போடுங்கள். இரண்டுமே தூக்கம் வரவைக்கும். கீழ்த்தளத்தில் நடுப்பகுதிதான் குறைவாக ஆடும் இடம்.

ஓர்கா வேட்டையாடுவதைப் பார்த்தால் அவசரப்பட்டுக் கேமராவுக்குள் போய்விடாதீர்கள். கூட்டமாகச் சுற்றிவந்து மீனைப் பந்துபோல் திரட்டி மேலே தள்ளும், வாலால் ஒரு அறை விட்டு மயங்கிய மீனை ஒவ்வொன்றாக எடுக்கும். அவை போனபின் தண்ணீரில் ஹெர்ரிங் செதில்கள் ஜிகினா போல மின்னிக்கொண்டு மிதக்கும். கடல்பறவைகள் ஒரே இடத்தில் மொய்ப்பது தெரிந்தால் அங்கேயே கண்ணை வையுங்கள். நல்ல ஓட்டுநர் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துப் பக்கவாட்டில் நிறுத்தி, விலங்கு வரட்டும் என்று காத்திருப்பார். அதன் முன்னால் போய் வழிமறிப்பவர், கூட்டத்துக்கு நடுவே புகுபவர் நடத்தும் படகுக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம், எவ்வளவு நல்ல படம் கிடைத்தாலும் சரி. உண்ணும் நேரத்தில் துரத்தினால் அவை இரையை விட்டுவிட்டுப் போகும்.

படத்துக்கு 70–200 மி.மீ. லென்ஸ், ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200க்குக் குறையாமல். உள்ளறைக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடுங்கள், இல்லையென்றால் லென்ஸ் முழுக்க நீர்கோத்துவிடும்.

துருவ ஒளிக்கு வருவோம். துருவத்தைச் சுற்றி ஒளி வழக்கமாகத் தோன்றும் வளையத்துக்கு நேர்கீழே ட்ரொம்சோ இருப்பதால், காந்தப்புயலின் வலிமையை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி (Kp) குறியீடு 1, 2 என்று இருந்தாலே தெரியும். தடை மேகந்தான். ஒளியைத் தேடிப் போகும் சிறிய பேருந்து மேகத்தைத் தாண்டி ஷிபோட்ன் ஊர்ப் பக்கமோ பின்லாந்து எல்லைவரையோ ஓடும். ஒளிக்கென்றே மாலையில் கிளம்பும் படகால் அது முடியாது. போதாக்குறைக்கு ஆடும் தளத்தில் முக்காலி உதவாது, கைபேசியின் இரவுப் படமும் கலங்கிவிடும். திறந்த லென்ஸில் ஒரு நொடி, ஐஎஸ்ஓ 6400 என்பதே எல்லை. தனியாக மாலைப் படகுச் சீட்டு வாங்குவதைவிட அந்தப் பணத்தைப் பேருந்துக்குக் கொடுங்கள்.

'திமிங்கலம் தெரியாவிட்டால் இன்னொரு பயணம் இலவசம்' என்ற உறுதிமொழியை வாங்கும்போது நாளைக் கவனியுங்கள். ஊர் திரும்பும் முந்தைய நாளில் வைத்தால் அந்தச் சலுகையால் பயனில்லை. காற்று அடித்தால் பயணமே ரத்தாகும். திமிங்கலப் படகை முதல் நாளிலேயே போடுங்கள்.

பெரிய படகில் திரும்பும்போது இருட்டிவிடும். வானம் தெளிந்திருந்தால் மாலை நான்கு மணிக்கே பச்சைக்கீற்று வரலாம், இது கூடுதல் கட்டணமில்லாத காட்சி. படகு தென்மேற்காக ஓடுவதால் வடவானம் வலப்பக்கம் இருக்கும். வெளித்தளத்தில் வலப்பக்கம், விளக்கு படாத மூலையாகப் பார்த்து நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும், அதுவரை கைபேசித் திரையைப் பார்க்காதீர்கள்.