ஊசிக்கு முன்னாடியே சென்டிமீட்டர் கணக்கு சொன்ன கிளினிக்

பொண்ணுக்கு குரோத் ஹார்மோன் குறைவோன்னு சந்தேகம் வந்தப்போ காட்டுன குழந்தைகள் ஹார்மோன் கிளினிக் பத்தி எழுதுறேன், இதே குழப்பத்துல இருக்குற அப்பா அம்மா யாருக்காவது உதவும். முன்னாடி பாத்த இடத்துல "ஊசி போட்டா வளந்துடும்"னு மட்டும்தான் சொன்னாங்க, எவ்ளோன்னு கேட்டா பதிலே இல்ல. மாசாமாசம் அவ்ளோ காசு, தினம் ராத்திரி ஒரு ஊசி, அதுக்கு இந்த பதில் போதுமா?

இங்க ஊசி போட்டா முதல் வருஷம் பொண்ணு எத்தன சென்டிமீட்டர் வளரும்னு முன்னாடியே கணக்கு போட்டு சொன்னாங்க. அதுக்கு எங்க ரெண்டு பேரையுமே செருப்ப கழட்ட சொல்லி நிக்க வச்சு அளந்தாங்க, வாயால சொன்ன உயரத்த எழுதிக்கல. அப்பா 168 சென்டிமீட்டர், அம்மா 155, ரெண்டையும் கூட்டி 13 கழிச்சு பாதியாக்கினா 155, குடும்ப வாகுக்கு பொண்ணு வர வேண்டிய உயரம் அதான், பையன்னா 13 கூட்டணும். எலும்பு வயசுக்கு, அதாவது எலும்பு எந்த வயசுக்கு முதிர்ந்திருக்குன்னு பாக்க, இடது கை எக்ஸ்ரே. அப்புறம் வெறும் வயித்துல, குரோத் ஹார்மோன சுரக்க தூண்டுற குளோனிடின் மாத்திரை குடுத்து அரை மணிக்கு ஒருதடவ ரத்தம் எடுக்குற டெஸ்ட், பிள்ள அப்படியே துவண்டு தூங்கிட்டா, பாக்கவே மனசு தாங்கல, ஆனா முதல் வருஷ வளர்ச்சிய கணிக்குறதுல இந்த ரிசல்ட்டுக்குதான் வெயிட் அதிகமாம், ஹார்மோன் எவ்ளோ கம்மியா சுரக்குதோ ஊசி அவ்ளோ நல்லா கேக்கும். சின்ன வயசுல ஆரம்பிச்சாலும், பெத்தவங்க உயரத்துக்கு ரொம்ப கீழ இருந்தாலும் பலன் ஜாஸ்தி. பிறந்த எடை, இப்போ எடை, மருந்து டோஸ் எல்லாம் கணக்குல சேரும்.

இந்த முதல் வருஷ கணக்கு, 1999ல ஜெர்மனி டாக்டர் ராங்கே குழு, குரோத் ஹார்மோன் ஊசி போட்ட பிள்ளைங்க விவரம் இருக்குற கிக்ஸ் (KIGS) டேட்டாபேஸ வச்சு போட்ட ஃபார்முலா. பிள்ளைக்கு பிள்ள வளர்ச்சி மாறுறதுல 61 சதவீதம்தான் இதுல அடங்கும், ஒன்றரை சென்டிமீட்டர் முன்ன பின்ன போறது சகஜம்னு டாக்டரே வெளிப்படையா சொல்லிட்டாங்க, எனக்கு நம்பிக்கை வந்ததே அதுக்கப்புறம்தான். கணக்குக்கு ரொம்ப கீழ போனா ஊசி விட்டுப்போச்சா, தைராய்டு சரியா, ஐஜிஎஃப்-1 (ஊசி உடம்புல வேலை செய்யுதான்னு காட்டுற ரத்த அளவு) எவ்ளோன்னு வரிசையா பாப்பாங்க, கண்ண மூடிட்டு டோஸ ஏத்த மாட்டாங்க.

குறைன்னா வெயிட்டிங்தான், அப்பாயின்ட்மென்ட் இருந்தும் பாதி நாள் போயிடுது, டெஸ்ட் செலவயும் முன்கூட்டி சொல்றதில்ல, கேட்டு வாங்கிக்கோங்க. போறப்போ பிறந்த எடை இருக்குற டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கூல்ல வருஷாவருஷம் எடுத்த உயரம் ரெண்டையும் மறக்காம எடுத்துட்டு போங்க, முதல் நாளே கேப்பாங்க.