நிம்மதியாகப் பின்ன எந்தக் காலுறை வடிவம் ஏற்றது?

காலுறையில் கடினமான பகுதி குதிகால்தான் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் குதிகால் ஒரே அமர்வில் முடிந்துவிடக்கூடியது. கணுக்காலுக்கு மேலும் பாதத்திலுமாக நூறு சுற்றுகளுக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் வடிவமே, பின்னல் நமக்கு ஓய்வாக அமையுமா சுமையாக அமையுமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஒப்பிட வசதியாக, நூலையும் அளவையும் ஒன்றாகவே வைத்துக்கொள்வோம்: 75 சதவீதம் கம்பளியும் 25 சதவீதம் நைலானும் கலந்த, 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 மீட்டர் நீளம் வரும் நூல், 2.25 அல்லது 2.5 மில்லிமீட்டர் ஊசி. சுற்றுக்கு 64 கண்ணிகள் (ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள்). பின்னலைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்த் திரும்பி வந்தால், எங்கே நிறுத்தினோம் என்பதைத் துணியைப் பார்த்தே கண்டுகொள்ள முடிகிறதா என்பதுதான் இங்கே என் அளவுகோல்.

முதலில், தானாகவே வரிகள் விழும்படி சாயமேற்றிய நூல். இதில் பின்னுபவர் செய்ய வேண்டியது வெறும் நிட் (முன்பக்கம் வழவழப்பாக அமையும் அடிப்படைக் கண்ணி) மட்டுமே. வண்ணம் மாறுவதை நூலே பார்த்துக்கொள்கிறது. இதைவிட எளிய வழி இல்லை என்றாலும், வடிவம் நம் கையில் உருவாகவில்லை என்ற குறை சிலருக்கு இருக்கும். இரண்டு காலுறைகளிலும் வரிகள் ஒத்திருக்க வேண்டுமானால், இரண்டையும் வண்ணச்சுழற்சியின் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். (ஒவ்வாத இரண்டு கால்களையும் ரசிப்பவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.)

அடுத்தது ரிப், அதாவது நிட்டும் பர்லும் (முன்பக்கம் சிறு மேடாகத் தெரியும் கண்ணி) மாறி மாறி வந்து நெடுக்கு வரிகளாக அமையும் பின்னல். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்ற முறை மனப்பாடம் செய்யத் தேவையில்லாதது. நன்றாக நீளும் தன்மையுடையது என்பதால் அளவில் சிறிது பிசகினாலும் காலைப் பற்றிக்கொள்ளும். ஆயினும், சுற்றுக்கு 32 முறை நூலை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருப்பது மணிக்கட்டுக்கு அலுப்பூட்டுவது. மேலும் எல்லாச் சுற்றுகளும் ஒன்றுபோலவே இருப்பதால், எத்தனை சுற்று ஆயிற்று என்பதைத் துணியிலிருந்து உடனே படிக்க முடியாது.

இவை இரண்டுக்கும் இடையில் நிற்கும் ஒரு வடிவத்தையே நான் முதலிடத்தில் வைப்பேன்: நிட் பரப்பின்மீது பர்ல் கண்ணிகளைப் புள்ளிகளாகத் தூவுவது. நான்கு கண்ணி, நான்கு சுற்று கொண்ட சிறிய வடிவம் இது. முதல் சுற்று முழுவதும் நிட். இரண்டாம் சுற்றில் மூன்று நிட், ஒரு பர்ல். மூன்றாம் சுற்று மீண்டும் முழு நிட். நான்காம் சுற்றில் ஒரு நிட், ஒரு பர்ல், இரண்டு நிட். நான்கு சுற்றுகளின் 256 கண்ணிகளில் 32 மட்டுமே பர்ல். ரிப்பில் அதே பரப்புக்கு 128. ஒன்றுவிட்டு ஒரு சுற்று கைக்கு ஓய்வு கிடைக்கிறது. கடைசியாகப் பின்னிய புள்ளிக்கு நேர்மேலே அல்லாமல், இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அடுத்த புள்ளி விழ வேண்டும் என்பதால், இடம் தேடி அலைய வேண்டியதில்லை. பிழை நேர்ந்தாலும் அந்த ஒரு கண்ணியை மட்டும் கீழே நழுவவிட்டு, குரோஷா ஊசியால் ஏணிப்படி போன்ற நூல்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துச் சரிசெய்துவிடலாம். சுற்று முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. ரிப் அளவுக்கு இறுக்கிப் பிடிக்காது என்பதால், மேல்விளிம்பில் மட்டும் மூன்று நான்கு சென்டிமீட்டர் ரிப் வைப்பது அவசியம். நூல் ஒரே வண்ணத்தில் இருப்பது நல்லது. பலவண்ண நூலில் இந்தப் புள்ளிகள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

துளைகளால் வடிவம் அமையும் லேஸ் இதற்கு உண்மையான போட்டி. நூலை ஊசியின்மேல் சுற்றி ஒரு கண்ணியைக் கூட்டி, இரண்டை ஒன்றாகப் பின்னி ஒன்றைக் குறைக்கும் அந்தத் தாளத்தில் ஒருவித மயக்கம் உண்டு. நான்கு சுற்றில் மீளும் எளிய வடிவம் என்றால், மாற்றுச் சுற்றுகள் வெறும் நிட்டாக இருக்கும். ஆனால் ஓரிடத்தில் நூலை ஊசியின்மேல் சுற்ற மறந்துவிட்டால், அது பெரும்பாலும் அடுத்த சுற்றில் கணக்கு உதைக்கும்போதுதான் தெரியவரும். கூட்டல் குறைத்தல் உள்ள இடத்தில் கண்ணி நழுவினால் மீட்பதும் எளிதன்று. பேச்சுத்துணையோடு பின்னுபவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கடத்தி முறுக்குப்போல் பின்னும் கேபிளும், இருவண்ணப் பின்னலும் அழகானவை, ஓய்வுக்குரியவை அல்ல. கேபிள் துணியைக் குறுக்கிவிடுகிறது. இருவண்ணப் பின்னலில் உட்புறம் ஓடும் நூல்கள் நீள்வதில்லை என்பதால், சற்றே இறுகினாலும் காலுறை குதிகாலைத் தாண்டி ஏறாது. கண்ணிகளைக் கூட்டியோ பெரிய ஊசிக்கு மாறியோதான் சமாளிக்க வேண்டும்.

எந்த வடிவமானாலும் அதைப் புறங்காலின் 32 கண்ணிகளில் மட்டும் தொடர்ந்து, உள்ளங்காலை வெறும் நிட்டாக விடுவதே வசதி. செருப்பிலும் உறுத்தாது, வேலையும் பாதியாகும். ஊசியைப் பொறுத்தவரை, ஐந்து ஊசிகள் கொண்ட தொகுதியில் ஒன்றைப் பின்னுவதற்கு வைத்துக்கொண்டு, மற்ற நான்கில் ஓர் ஊசிக்கு 16 கண்ணிகள் வீதம் பிரித்தால், ஒவ்வொன்றிலும் நான்கு மீள்வடிவங்கள் பிசிறில்லாமல் அடங்கும். நீண்ட வட்ட ஊசியில் மேஜிக் லூப் முறையை (ஊசிமுனைகளை இணைக்கும் நீண்ட கம்பியை வளையமாக வெளியே இழுத்து, சுற்றைப் பாதி பாதியாகப் பின்னுவது) கையாள்பவர்களுக்கு, புறங்காலும் உள்ளங்காலும் தாமாகவே இரு பாதிகளாகப் பிரிந்துவிடும்.