பெண் என்று சொல்லி ஆண் கினி பிக்கை விற்றார்கள்: ஜோடி சேர்ப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

எங்கள் கினி பிக் மல்லிக்கு அப்போது ஒன்றரை வயது. கூடவே வளர்ந்த அவளுடைய அக்கா போன நவம்பரில் இறந்ததிலிருந்து மல்லி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே கொத்தமல்லிக்காக வீடே அதிரக் கத்துகிறவள், கூண்டு மூலையை விட்டு நகரவில்லை. கினி பிக் கூட்டமாக வாழ்கிற பிராணி, தனியாக இருந்தால் வாடிப்போகும். அதனால் பொங்கலுக்கு முந்தின வாரம் சென்னையில் ஒரு பெட் ஷாப்புக்குப் போய், துணைக்கு ஒரு பெண் குட்டி வேண்டும் என்று கேட்டேன்.

ஒரே கூண்டில் சின்னதும் பெரியதுமாகப் பதினைந்துக்குமேல் இருந்தன. கடைக்காரர் கையை விட்டு ஒன்றை எடுத்தார். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொண்ணுதான்க்கா, ஒன்றரை மாசம்" என்றார். நிச்சயமா என்று இரண்டு முறை கேட்டேன். "எத்தனை வருஷமா இதே தொழில் பண்றோம்" என்று பதில் வந்தது. 700 ரூபாய். பில்லில் பெண் என்றோ வயது என்றோ ஒரு எழுத்து இல்லை. எப்படிப் பழக்குவது என்று கேட்டதற்கு, "இன்னைக்கே ஒண்ணா விட்டுடுங்க. ரெண்டு நாள் சண்டை போடும், அப்புறம் சேர்ந்துக்கும்" என்றார்.

நான் செய்த பெரிய தவறு, அந்தப் பேச்சை நம்பி அன்று மாலையே இரண்டையும் சேர்த்ததுதான். பட்டு (அப்படித்தான் பெயர் வைத்தோம்) தொண்டைக்குள் உறுமிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி மல்லியைச் சுற்றி வந்தது, மேலே ஏறியது. மல்லி பல்லைக் கடகடவென்று அடித்தாள், திரும்பி நின்று சிறுநீரைப் பீய்ச்சினாள். பயந்துபோய்க் கடைக்குப் போன் செய்தேன். "யார் பெரியவன்னு காட்டிக்குதுங்க, விடுங்க" என்றார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு பெண்களைச் சேர்த்தாலும் உறுமலும் ஏறுவதும் இருக்கும். அந்தப் பாதி உண்மைதான் என்னை ஏழு வாரம் சும்மா இருக்க வைத்தது.

ஏழாவது வாரம் மல்லியின் வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்ததுமே குட்டிகள் அசைகின்றன என்றார். பட்டுவைப் புரட்டி, பிறப்புறுப்புக்கு மேலே விரலால் மெதுவாக அழுத்திக் காட்டினார். ஆண் என்றால் புள்ளி வைத்த ஆங்கில ஐ எழுத்து மாதிரி இருக்கும், பெண் என்றால் ஒய் மாதிரி. பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை.

அவர் சொன்ன அடுத்த விஷயம்தான் இடியாக விழுந்தது. கினி பிக் ஆறேழு மாதத்துக்குள் ஒருமுறையாவது குட்டி போடாவிட்டால் இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிவிடும், பிரசவத்தில் போதிய அளவு விரியாது. ஒன்றரை வயதில் முதல் பிரசவம் என்பது உயிருக்கே ஆபத்து. பட்டுவை உடனே பிரிக்கச் சொன்னார், குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடியும் சினையாகிவிடுமாம்.

கடைக்குப் போனேன். மன்னிப்புகூடக் கேட்கவில்லை. "வேணும்னா இதைக் கொடுத்துட்டு வேற எடுத்துக்கோங்க" என்றார் அதே ஆள். மத்திய அரசின் 2018 பெட் ஷாப் விதிகளில் கினி பிக்கும் அடங்கும், மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு இல்லாமல் கடை நடத்தக்கூடாது. பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்றேன். முதலாளி ஊரில் இல்லை என்றார்கள்.

மார்ச் மாதம், ஒரு விடியற்காலையில் மல்லிக்கு வலி வந்தது. அரை மணி நேரம் முக்கியும் எதுவும் வரவில்லை. அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. மூன்று குட்டிகளில் இரண்டு உயிரோடு இல்லை. மல்லி மயக்கம் தெளிந்தாள், ஆனால் சாப்பிடவில்லை. சிரிஞ்சில் கரைத்துக் கரைத்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் என் மகள் மடியிலேயே போய்விட்டாள்.

புதிதாக ஒன்றை வாங்கினால், கடைக்காரர் என்ன சொன்னாலும், முதல் இரண்டு மூன்று வாரம் வேறு அறையில் வையுங்கள். செள்ளு, படர்தாமரை எல்லாம் பெரும்பாலும் அதற்குள் வெளியே தெரிந்துவிடும் (படர்தாமரை நமக்கும் ஒட்டும்). அந்த இடைவெளியில் மருத்துவரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று உறுதி செய்யுங்கள். நான் இதைச் செய்திருந்தால் மல்லி இன்று இருப்பாள். கலந்து அடைத்த கூண்டிலிருந்து பெண்ணை வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். நாலைந்து வாரத்திலேயே சினையாகக்கூடிய பிராணி இது, வாங்கும்போதே வயிற்றில் குட்டி இருக்கலாம்.

பிழைத்த குட்டி ஆண். ஒரு மாதம் கழித்து அவனை அப்பாவோடு சேர்த்தபோது அவசரப்படவில்லை. முதலில் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிறகு இருவரும் போகாத ஹாலில் துணி விரித்து, நடுவில் அருகம்புல்லைக் குவித்து விட்டோம். உறுமலுக்கும் துரத்தலுக்கும் தலையிடவில்லை. இருவரும் பல்லை அடித்து நேருக்கு நேர் பாய்ந்தாலோ ரத்தம் வந்தாலோ பிரிக்கத் துண்டோடு உட்கார்ந்திருந்தேன், வெறுங்கையை விடக் கூடாது. அது தேவைப்படவில்லை. பிறகுதான் நன்றாகக் கழுவிய கூண்டில் விட்டோம். தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒளிந்துகொள்ளும் பெட்டி இரண்டு, ஒன்று மற்றதை மூலையில் மடக்க முடியாதபடி ஒவ்வொன்றிலும் இரண்டு வாசல். இப்போது ஒட்டிக்கொண்டு தூங்குகிறார்கள்.

போன வாரம் அந்தக் கடைப் பக்கம் போனேன். அதே கூண்டு, அதே கலப்பு. இரண்டு பெண் குட்டி வேண்டும் என்று ஒரு அம்மா பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார். திருப்பிப் பாருங்கள் என்று சொல்லி நானே காட்டினேன். ஒன்று ஆண்.