95,000 ரூபா கொடுத்து ஊமைக் கணினி வாங்கினேன். பழைய கணினி சேகரிப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்

கை நடுங்குகிறது, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஆறினால் விட்டுவிடுவேன் என்று எனக்கே தெரியும். விற்றவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

கடந்த சனிக்கிழமை திருகோணமலை நகருக்குள், பழைய மின்சாதனங்கள் வாங்கி விற்கும் கடை ஒன்றில் கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி ஒன்றை வாங்கினேன். விலை 95,000 ரூபா. இரண்டு வருடங்களாக மாலை வகுப்பு எடுத்துச் சேர்த்த காசு.

இந்தக் கணினிமேல் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்பவர்களுக்கு: சிறுவனாக இருந்தபோது கொழும்பில் பெரியப்பா வீட்டில் இதைத்தான் முதன்முதலில் கண்டேன். 1982இல் வெளிவந்தது. நினைவகம் வெறும் 64 கிலோபைட். ஆனால் அதற்குள் சிட் என்ற ஒலிச் சிப்பு இருக்கிறது. ரொபர்ட் யானஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்தது. மூன்றே குரல்கள்தான். அந்தக் காலத்து வீட்டுக் கணினிகள் பல 'பீப்' என்று கத்திக்கொண்டிருந்தபோது இது பாடியது. அந்தப் பாட்டுக்காகவே வாங்கினேன். ஒலி வேண்டாம் என்றால் பாதி விலையில் வேறு கணினி தேடியிருப்பேன்.

வாங்குவதா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். உப்புவெளியில் கடலுக்குப் பக்கத்து வீடு. வெளியே வைத்த சைக்கிள் சங்கிலி ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். நாற்பது வருடத்து மின்சுற்றுப் பலகை இந்தக் காற்றைத் தாங்குமா என்ற பயம் இருந்தது. இதன் பழைய மின்வழங்கிப் பெட்டி பொல்லாதது என்பதும் தெரியும். உள்ளே இருக்கும் மின்னழுத்தச் சீராக்கி பழுதானால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் கூடுதலாக வந்து நினைவகச் சிப்புகளைக் கருக்கிவிடும். அதனால் மல்டிமீட்டரோடு போனேன். அளந்தேன், 5.1 வோல்ட். நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு ஏற்ற பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை இயந்திரமா என்று பார்த்தேன். அதுதான்.

கடைக்காரர் பழைய தொலைக்காட்சி ஒன்றில் இணைத்துக் காட்டினார். அந்த நீலத்திரை எழுந்தது. நிரல் எழுத 38911 பைட் நினைவகம் மீதமிருக்கிறது என்ற வரியும் சரியாக வந்தது. நான் ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினேன், ஓடியது. ஒலியைக் கூட்டுவதற்காகத் தொலைக்காட்சிப் பொத்தானில் கை வைத்தேன். அப்போது அவர் சொன்னார்: "தம்பி, உள்ளே அம்மா சுகமில்லாமல் படுத்திருக்கிறார். சத்தம் வைக்காமல் பாருங்கள்."

கையை எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு என்ன சுகயீனம் என்றுகூட விசாரித்தேன். நீரிழிவு, காலில் புண் என்று சொன்னார். என்னுடைய அம்மாவும் அப்படித்தான் கடைசிக் காலத்தில் கிடந்தார். அதற்குப் பிறகு நான் எப்படி அந்தப் பொத்தானைத் தொடுவேன்?

மூடியைத் திறந்து பார்க்கலாமா என்றும் கேட்டேன். "பழைய பிளாஸ்டிக், பின்பக்கக் கொக்கி உடைந்தால் உங்களுக்குத்தான் நட்டம். உங்களைப் போல விஷயம் தெரிந்தவரிடம் இது போய்ச் சேர்வதே எனக்குச் சந்தோஷம்" என்றார். பிளேன் டீ வந்தது. 95,000 ரூபாவையும் எண்ணிக் கொடுத்தேன்.

அன்று இரவு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு விளையாட்டை ஏற்றினேன். படம் ஓடியது. சத்தம் இல்லை. கம்பியை மாற்றினேன், தொலைக்காட்சியை மாற்றினேன். மகள் தூங்கிவிட்டாள். நள்ளிரவுக்குப் பிறகு திருப்புளியை எடுத்து, அடியில் முன்விளிம்பில் இருக்கும் மூன்று திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினேன்.

சிட் சிப்பு இருக்க வேண்டிய சொக்கெட் காலி.

பழுதான சிப்பு இருந்திருந்தால் விதி என்று விட்டிருப்பேன். சிப்பே இல்லை. சுற்றியிருந்த சிப்புகளின் மேலெல்லாம் வருடக்கணக்கான தூசி படிந்திருந்தது. அந்தச் சொக்கெட் மட்டும் துடைத்தெடுத்தது போலச் சுத்தமாக இருந்தது. அண்மையில்தான் யாரோ கிளப்பி எடுத்திருக்கிறார்கள். சிட் இல்லாவிட்டாலும் இந்தக் கணினி நீலத்திரை வரை ஒழுங்காக எழும், நிரலும் ஓடும். அது தெரிந்த ஒருவர்தான் அந்தப் பொத்தானில் இருந்து என் கையை எடுக்க வைத்திருக்கிறார். அசல் சிட் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. அதனால் தனிச் சிப்புக்கே நல்ல விலை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைத்தேன். "உங்கள் தொலைக்காட்சியில்தான் கோளாறு" என்றார். திங்கட்கிழமை நேரில் போனேன். "கடற்கரை வீடு என்றீர்களே, உப்புக் காற்றில் போயிருக்கும்" என்றார். 28 கால் உள்ள ஒரு சிப்பை ஒரே இரவில் அடையாளம் இல்லாமல் தின்றுவிடுகிற உப்புக் காற்று எந்தக் கடலில் இருந்து வீசுகிறது? காலிச் சொக்கெட்டின் படத்தைக் காட்டியதும் குரல் மாறியது. "திறந்தது நீங்கள். கழற்றியதும் நீங்களாகத்தான் இருக்கும்." நேற்று மூன்றாம் முறை போனேன். முதலாளி அனுராதபுரம் போய்விட்டார் என்று கடைப் பையன் சொன்னான். கடைக்குள் வானொலி முழுச் சத்தத்தில் அலறிக்கொண்டிருந்தது. "அம்மாவுக்கு இப்போது எப்படி?" என்று பையனிடம் கேட்டேன். எந்த அம்மா என்று விழித்தான். உள்ளே சாமான் அடுக்கும் அறை மட்டும்தான் இருக்கிறதாம்.

95,000 ரூபா போனதைவிட இதுதான் என்னை எரிக்கிறது.

பற்றுச்சீட்டை அப்போதுதான் சரியாகப் படித்தேன். 'பழைய கீபோர்ட் 1, 95,000' என்று எழுதியிருக்கிறது. கொமடோர் 64 பார்வைக்குத் தடித்த கீபோர்ட் போலத்தான் இருக்கும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத உட்கார்ந்தால், நான் கணினி வாங்கினேன் என்பதற்கே கையில் தாள் இல்லை. ஆனாலும் எழுதுவேன்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலியைக் கேட்காமல் காசை எடுக்காதீர்கள், யார் வீட்டில் யார் சுகமில்லாமல் கிடந்தாலும் சரி. போக் (POKE) என்பது நினைவகத்தின் ஓர் இடத்தில் எண்ணைப் போடும் கட்டளை. போக் 54296,15 என்றும் அடுத்து போக் 54296,0 என்றும் மாறிமாறி ஓடும்படி இரண்டு வரி நிரல் எழுதுங்கள். பழைய 6581 வகை சிட் உயிரோடு இருந்தால் படபடவென்று சத்தம் கேட்கும். மூடியைத் திறக்க விடாதவரிடம் வாங்காதீர்கள். பற்றுச்சீட்டில் மாதிரிப் பெயரும் தொடர் இலக்கமும் எழுதச் சொல்லி, அங்கேயே நின்று படியுங்கள்.

மாற்றுச் சிப்புகள் வெளிநாட்டில் செய்கிறார்கள், வரவழைத்துப் போடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இப்போதைக்கு மனம் இல்லை. திருகோணமலையிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ 6581 என்று அச்சிட்ட தனிச் சிப்பு ஒன்றை யாராவது விற்கக் கொண்டுவந்தால், தயவுசெய்து வாங்காதீர்கள். எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அதன் வெற்று இடம் என் மேசைமேல் திறந்தபடி கிடக்கிறது.