வேலூரில் பிரேம் போடும் வேலை: 18ஆம் நூற்றாண்டுக் குதிரைவீரர் பென்சில் ஓவியத்துக்குத் தாங்குமா?

வேலூர் டவுனில் உள்ள இந்தப் பிரேம் கடையின் மரவேலையில் குறை சொல்ல இடமில்லை. தேக்குச் சட்டம், நாலு மூலையும் 45 டிகிரியில் வெட்டி, நகம்கூட நுழையாதபடி சேர்த்திருக்கிறார்கள். கோளாறெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால்தான்.

கொடுத்தது 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பென்சில் ஓவியம், ஏறக்குறைய ஏ4 அளவு. குதிரைமேல் மூன்று பேர். கந்தல் துணிக் கூழில் கையால் செய்த தாள். வெளிச்சத்தில் பிடித்தால் தாள் வார்த்த அச்சுக் கம்பிகளின் வரி தெரியும். முதல் குதிரையின் முன்னங்காலை இரண்டு இடத்தில் போட்டுப் பார்த்து, அழிக்காமலே விட்டிருக்கிறார் ஓவியர். நாலு காலையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கும் பாய்ச்சல் அந்தக் காலத்து வழக்கம். ஓடும் குதிரை அப்படி நீட்டுவதில்லை என்பதை 1878இல் புகைப்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த படங்கள் காட்டின. (கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கல்யாண மண்டபத்துத் தூண் குதிரைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, பின்னங்காலில் எழும்பித்தான் நிற்கின்றன.)

"லேமினேஷன் பண்ணிடலாம் சார், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றுதான் முதலில் சொல்வார்கள். கூடவே கூடாது, சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் உரிப்பது பெரும்பாடு. கடையின் வழக்கமான முறை, தாளை ஹார்ட்போர்டில் டேப் போட்டு ஒட்டிக் கண்ணாடியை மேலேயே அழுத்துவது. ஹார்ட்போர்டின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும், டேப்பின் பசை கறையாக ஊறும். பென்சில் கரி வெயிலில் வெளுக்காது, ஆனால் உரசினால் பெயரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கண்ணாடி உள்பக்கம் வியர்த்தால் தாள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஓவியத்தைப் பொருத்த வேண்டிய அமிலமில்லாத பருத்தி அட்டை (மவுண்ட் போர்டு) கடையில் கிடையாது. நீங்களே வாங்கிக் கொடுத்தால், ஓவியம் தெரியும் ஜன்னலைச் சுத்தமாக வெட்டித் தருகிறார்கள். ஜன்னல் வெட்டிய அட்டை முன்னே ஒன்று, முழு அட்டை பின்னே ஒன்று. முன் அட்டை 2 மி.மீ.யாவது இருந்தால்தான் கண்ணாடி தாளைத் தொடாது. ஓவியத்தின் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சிறு ஜப்பானியத் தாள் (மெல்லிய நார்த்தாள்) துண்டுகளைக் கோதுமை ஸ்டார்ச் பசையில் ஒட்டிப் பின் அட்டையில் தொங்கவிடச் சொல்லுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால், மழையில் விரிந்து கத்திரி வெயிலில் சுருங்கும் தாள் அலையலையாக நெளியும். மைதா காய்ச்சிய பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து. அக்ரிலிக் ஷீட் இலேசுதான், ஆனால் அதன் நிலைமின்சாரம் கரித்தூளை இழுக்கும். புற ஊதாக் கதிர் தடுக்கும் கண்ணாடியே மேல்.

சட்டத்துக்கு இந்தக் கடையைத் தாராளமாக நம்பலாம். தாளைப் பொருத்துவதை மட்டும் எதிரே நின்று செய்யச் சொல்லுங்கள். மேற்கு வெயில் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். எந்தச் சுவரானாலும் சட்டத்தின் பின் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிக் காற்றுக்கு இடம் விடுங்கள்.