சிலிண்டர்காரரைச் சிவப்பில் காட்டும் காலர் ஐடி ஆப்

"மாப்ளே, யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டுகிற அந்தக் காலர் ஐடி ஆப்புக்கு வருஷச் சந்தா கட்டலாமா?" என்று மச்சான் கேட்டிருந்தார். நாலு வரியில் முடிகிற பதில் இல்லை இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 140-ல் தொடங்கினால் விளம்பர அழைப்பு, 1600 என்றால் வங்கி, இன்சூரன்ஸ் மாதிரி இடங்களின் சேவை அழைப்பு. இதைத் தெரிந்துகொள்ள எந்த ஆப்பும் வேண்டாம். தொல்லையே சாதாரண பத்து இலக்க எண்ணில் வருகிற பர்சனல் லோன், பிளாட் ஆட்கள்தான். அங்கே ஆப் கெட்டிக்காரத்தனமாகத்தான் வேலை செய்கிறது. ரிங் கேட்டதுமே திரை சிவப்பாகிவிடும், எடுக்காமல் விட்டுவிடலாம்.

ஆனால் அந்தச் சிவப்பைத் தீர்மானிப்பது நம்மைப்போன்ற ஆட்களின் எரிச்சல்தானே! கேஸ் சிலிண்டர் போடுகிற அண்ணன், கூரியர் பையன் எல்லாம் நாள் முழுக்கத் தெரியாத ஆட்களுக்குப் போன் போட்டபடி இருக்கிறவர்கள். மதியத் தூக்கத்தில் இருக்கிற யாரோ நாலு பேர் ஆப்பில் ஸ்பேம், அதாவது தொல்லை அழைப்பு என்று தட்டிவிட்டால் போதும், அவர்களும் சிவப்பு. சிவப்பு அழைப்புகளைத் தானாகவே தடுக்கிற ஆட்டோ பிளாக் போட்டிருந்தேன், சிலிண்டர் அண்ணன் கூப்பிட்டது எனக்கு மணியே அடிக்கவில்லை, சிலிண்டர் குடோனுக்குத் திரும்பிப் போய்விட்டது, வீட்டில் சமையல் பாதியில் நின்றதற்குத் திட்டு வாங்கியது நான். சரி என்று ஆட்டோ பிளாக்கை எடுத்தால், எல்லாமே ரிங் ஆகிறது. அப்புறம் எதற்குக் காசு?

இதில் கொடுமை, லோன்காரன் புது சிம் போட்டதும் பளிச்சென்று சுத்தமாகிவிடுகிறான். ஒரே நம்பரை வருஷக்கணக்கில் வைத்திருக்கிற உழைப்பாளிக்குத்தான் கெட்ட பெயர்.

சிம் வாங்கும்போது கொடுத்த பெயரை நெட்வொர்க்கே காட்டும் சிஎன்ஏபி வசதியை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. நல்லதுதான், ஆனால் எங்கள் வீட்டில் பாதி சிம் அப்பா பெயரில் இருக்கிறது, நான் யாரைக் கூப்பிட்டாலும் அப்பா பெயர்தான் போகும். அதைவிட, தொல்லை அழைப்புகளுக்கான 1909 எண்ணில் புகார் கொடுப்பது உருப்படி. முன்பு அழைப்பு வந்த மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும், 2025-ல் அதை ஏழு நாளாக்கியிருக்கிறார்கள்.

ஆகவே மச்சான், கட்டாதீங்க. நான் புதுப்பித்துவிட்டேன், அது வேறு கதை: இலவசப் பதிப்பில் ஒவ்வொரு கால் முடிந்ததும் திரை நிறைய விளம்பரம் வருகிறது, அதுவும் பர்சனல் லோன் விளம்பரம்.