லினக்ஸுக்குப் போனபின் பேஜ்மேக்கர்: ஸ்கிரைபஸா, வைனா, விர்ச்சுவல் மெஷினா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும் என்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் அமைக்கும்) கடைகளில் அப்படிப்பட்ட மெஷின் எத்தனை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். என் கடையில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். அதில் லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். 2029 வரை அதற்கு அப்டேட் உண்டு.

லினக்ஸ் போடுவது ஒரு மதிய வேலை. பழகின சாஃப்ட்வேரை, முக்கியமாக நோட்டீஸ் அமைக்கும் பேஜ்மேக்கரை, என்ன செய்வது என்பதுதான் பெரிய வேலை. அதற்கு மூன்று வழி இருக்கிறது. லினக்ஸிலேயே ஓடும் ஸ்கிரைபஸ் போன்ற மாற்று சாஃப்ட்வேருக்குப் போய்விடலாம். விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாகப் பழையதையே ஓட்டலாம். இல்லையென்றால் லினக்ஸுக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் (சாஃப்ட்வேரால் ஆன கம்ப்யூட்டர்) வைத்து, அதில் பழைய விண்டோஸைப் போட்டு ஓட்டலாம். மூன்றையும் கடை வேலையில் வைத்துப் பார்த்துவிட்டு இப்போது மூன்றாவதில் நிற்கிறேன். ஆகவே நடுநிலையான அலசல் வேண்டுமென்றால் இது அதில்லை.

சுலபமானவற்றை முதலில் தள்ளிவிடுகிறேன். வேர்டு, எக்ஸெல் வேலைக்கு லிப்ரே ஆபீஸ் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புராஜெக்ட், பயோடேட்டா, வாடகை ஒப்பந்தம் எதற்கும் அது இடறவில்லை. பாஸ்போர்ட் போட்டோவுக்கு கிம்ப் போதும். கோரல்டிரா ஃபைலை இங்க்ஸ்கேப்பும் லிப்ரே ஆபீஸ் டிராவும் ஓரளவு திறக்கும், ஓரளவுதான். ஒரே மெஷினில் இரண்டு ஓஎஸ் வைத்து மாற்றி மாற்றி பூட் செய்வதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. கவுன்டரில் ஆள் நிற்கும்போது யார் ரீஸ்டார்ட் செய்துகொண்டிருப்பது? டாலி என் கடையில் இல்லை, அதனால் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கேரளப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. இங்கே அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. கேரள அரசின் கைட் நிறுவனம் உபுன்டுவை அடிப்படையாக வைத்து ஒரு லினக்ஸையே பள்ளிகளுக்காகத் தயாரித்துக் கொடுக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு என்னிடம் வேலைக்கு வந்த பெண்ணுக்கு லிப்ரே ஆபீஸை நான் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஆள் எடுத்தால் இது அமையுமா என்று சொல்ல முடியாது.

சரி, பேஜ்மேக்கருக்கு வருவோம். 7.0 வந்தது 2001-இல். 2004-லேயே அதன் மேம்பாடு நின்றுவிட்டது. ஆனாலும் கோயில் நோட்டீஸ், காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. எங்கள் ஊரில் நோட்டீஸ் என்றால் பாதிக்குப் பாதி ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். தமிழுக்கு பாமினி ஃபான்ட். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற ஆபீஸ் கடிதங்கள் வானவில் அவ்வையார் ஃபான்ட்டில் இருக்கும். மலையாளத்துக்கு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் வெளியிட்ட ஐஎஸ்எம் என்ற இந்திய மொழி சாஃப்ட்வேரோடு வந்த கார்த்திகா, ரேவதி ஃபான்ட்கள். இவற்றில் எதுவும் யூனிகோட் இல்லை, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறையில் இல்லை; ஆங்கில எழுத்து, குறிகளின் இடத்தில் நம் எழுத்தின் வடிவத்தை வைத்தவை. எந்த வழி உங்களுக்கு ஒத்துவரும் என்பதை இந்த ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது. ராம், வேகம், விலை எல்லாம் அப்புறம்.

எப்படி என்றால், டிடிபி கடையின் சொத்து சாஃப்ட்வேர் அல்ல, பழைய ஃபைல்கள். மாரியம்மன் பூச்சாட்டு நெருங்கும்போது கமிட்டிக்காரர் வந்து நிற்பார். "தம்பி, போன வருசத்து நோட்டீஸையே எடு. தேதியும் உபயதாரர் பேரும் மாத்தினாப் போதும்." அவர் கணக்கில் அது பத்து நிமிட வேலை, அதற்குத் தகுந்த காசுதான் தருவார். அந்த ஃபைல் வரி பிசகாமல் திறந்தால் அது பத்து நிமிட வேலைதான். ஒரு வரி கீழே இறங்கினால் மாவிளக்கு நேரம் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும், அரை நாள் காலி.

இந்த அளவுகோலை வைத்து முதலில் ஸ்கிரைபஸைப் பார்ப்போம். புது வேலைக்கு ஸ்கிரைபஸ் 1.6 நல்ல சாமான், சந்தேகமே இல்லை. 1.4 காலத்தில் தமிழ் யூனிகோட் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் கிடக்கும். 1.5 வரிசையில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். மலையாளத்துக்கு எஸ்எம்சி (ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்) குழுவின் மீரா, ரச்சனா, மஞ்சரி ஃபான்ட்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே மீராவின் சாயலில் தமிழுக்கு மீரா இனிமை என்று ஒன்றும் இருக்கிறது. இருமொழி நோட்டீஸில் இரண்டு பக்கமும் ஒரே குடும்ப எழுத்தாகத் தெரிவது கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. பழைய டைப்ரைட்டர் கீபோர்டில் பழகியவர்களுக்கும் வழி உண்டு. லினக்ஸில் மொழி மாற்றி அடிக்க உதவும் ஐபஸ்ஸில் எம்17என் என்ற கீபோர்டு தொகுப்பைப் போட்டால் தமிழ்99, டைப்ரைட்டர் இரண்டும் வந்துவிடும்.

பழைய ஃபைல் என்று வரும்போதுதான் ஸ்கிரைபஸ் கையை விரிக்கிறது. பேஜ்மேக்கர் ஃபைலை ஸ்கிரைபஸும் திறக்கும், லிப்ரே ஆபீஸ் டிராவும் திறக்கும். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே லைப்ரரிதான். திறந்து பார்த்தால் படமும் கட்டமும் ஏறக்குறைய இடத்தில் இருக்கும். எழுத்து இன்னும் பாமினியிலேயே இருக்கும். பாமினி ஃபான்ட்டை எடுத்துவிட்டு யூனிகோட் ஃபான்ட் வைத்தால் "அம்மா" என்று அடித்தது எம், கே, செமிகோலன், கே, எச் என்று கிடக்கும். பிறகு கன்வெர்ட்டரில் போட்டு மாற்ற வேண்டும். தமிழுக்கு ஓப்பன்-தமிழ், மலையாளத்துக்கு எஸ்எம்சி குழுவின் பய்யன்ஸ் என்று கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு எழுத்தின் அகலம் வேறாகிவிடுவதால் ஒவ்வொரு வரியையும் திரும்ப அமைக்க வேண்டும். அடிக்கடி திரும்பி வருகிற நோட்டீஸ் என்றால் ஒருமுறை உட்கார்ந்து மாற்றிவிடலாம். அலமாரி முழுக்க இருப்பதை யார் மாற்றுவது?

வைன் அப்படியில்லை. பேஜ்மேக்கரே ஓடுகிறது, அதே மெனு, அதே ஷார்ட்கட். 1993-இல் தொடங்கிய திட்டம் அது, பழைய 32 பிட் சாஃப்ட்வேர்களுக்கு நன்றாகவே கைகொடுக்கிறது. ராம் அதிகம் தின்னாது, விண்டோஸ் லைசென்ஸ் தேவையில்லை, ஃபைல்கள் எல்லாம் லினக்ஸ் ஃபோல்டரிலேயே இருக்கும். பாமினியில் மட்டும் வேலை செய்பவர் என்றால் இத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு வைனைப் போட்டுக்கொள்ளலாம். பாமினியின் எழுத்துகள் பெரும்பாலும் கீபோர்டில் உள்ள சாதாரண ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால் அதில் சிக்கல் வருவதில்லை.

எனக்குச் சிக்கல் வந்தது மலையாளத்தில். கார்த்திகா போன்ற ஃபான்ட்கள் எழுத்து எண்களில் 128-லிருந்து 255 வரையிலான மேல்பாதியையும் நிரப்பி வைத்திருக்கின்றன. லினக்ஸ் டெஸ்க்டாப்பின் மொழியைத் தமிழில் வைத்திருந்தபோது, வைனுக்குள் அந்த மேல்பாதி எழுத்துகள் சில கேள்விக்குறியாக மாறின. வைனை மட்டும் ஆங்கில லொக்கேலில் (மொழி அமைப்பில்) திறக்கும்படி செய்ததும் சரியாயிற்று. ஆனால் இந்த மாதிரி ஒட்டுப்போடும் வேலை கூடிக்கொண்டே போனது. வைன் புது வெர்ஷன் வரும்போதெல்லாம் மலையாள நோட்டீஸ் ஒன்றைத் திறந்து கண்ணால் பார்த்தாக வேண்டும். இது வைனின் குறை என்று சொல்ல மாட்டேன். அது நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கிற சாஃப்ட்வேர். எனக்கு வேண்டியதோ மாறாத ஒன்று.

இன்னொன்று. வைன் சாஃப்ட்வேரை ஓட்டும், விண்டோஸ் டிரைவரை ஓட்டாது. என் பழைய லேசர் பிரிண்டரின் லினக்ஸ் டிரைவர் இந்தக் காலத்து லினக்ஸில் உட்கார மறுத்தது. விண்டோஸ் டிரைவர் சிடி மேஜையில் கிடக்கிறது, வைனில் அதனால் ஒரு பயனும் இல்லை. கைரேகை வைக்கும் கருவி, டாங்கிள் (சாஃப்ட்வேர் ஓடுவதற்குச் செருக வேண்டிய சாவி) வைத்திருப்பவர்களும் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

விர்ச்சுவல் மெஷினில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. உள்ளே இருப்பது உண்மையான விண்டோஸ். நான் போட்டது விண்டோஸ் 7, 32 பிட். அதற்கு 2 ஜிபி ராம் ஒதுக்கினேன். பேஜ்மேக்கர், ஐஎஸ்எம், ஃபான்ட்கள், பிரிண்டர் டிரைவர் எல்லாம் உள்ளே. யூஎஸ்பி பிரிண்டரை லினக்ஸிலிருந்து எடுத்து உள்ளே இருக்கும் விண்டோஸிடம் ஒப்படைத்துவிடலாம், அதுவே நேரடியாகச் செருகியதாக நினைத்துக்கொள்ளும்.

என்னை இதில் நிறுத்தியது பராமரிப்பு. எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டு முடித்த அன்று ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நிலையின் நகல், எடுத்தேன். அந்த விண்டோஸுக்கு அப்டேட் கிடையாது, வெளி இணையம் கிடையாது, புது சாஃப்ட்வேர் எதுவும் ஏறாது. லினக்ஸ் பக்கம் எத்தனை அப்டேட் வந்தாலும் உள்ளே ஒரு எழுத்து அசையாது. பென்டிரைவில் வைரஸ் வந்து உள்ளே எதையாவது கெடுத்தாலும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் தீர்ந்தது, ஏனென்றால் நோட்டீஸ் ஃபைல்கள் வெளியே லினக்ஸ் ஃபோல்டரில் இருக்கின்றன. இந்த மொத்த விண்டோஸும் வெளியிலிருந்து பார்த்தால் 20 ஜிபிக்குள் ஒரே ஒரு ஃபைல். ஹார்டு டிஸ்க் போனாலும், புது மெஷின் வாங்கினாலும், அந்த ஃபைலைக் காப்பியடித்து வைத்தால் பேஜ்மேக்கர் அதே ஃபான்ட்டோடு, அதே பிரிண்டர் செட்டிங்கோடு எழுந்து நிற்கும். முன்பெல்லாம் மெஷினை ஃபார்மேட் செய்தால் ஐஎஸ்எம் சிடி எங்கே, எந்தக் கார்த்திகா ஃபான்ட் என்று வீட்டையே கலைத்துத் தேடுவேன்.

விர்ச்சுவல் மெஷினிலும் இரண்டு வகை உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் பழகுவதற்குச் சுலபம், ஃபோல்டர் பகிர்வு கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு ஒரு தனி மாட்யூலைச் சேர்த்துக்கொண்டு ஓடுகிறது. கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் அந்த மாட்யூல் மறுபடி தயாராக வேண்டும், செக்யூர் பூட் (நம்பகமானதை மட்டும் பூட் செய்ய விடும் அமைப்பு) போட்டிருந்தால் அதற்கு டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். இரண்டாவது வகையான கேவிஎம் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, 2007 முதல். அதை விர்ட்-மேனேஜர் என்ற சாஃப்ட்வேர் வைத்து ஓட்டுகிறேன். ஃபோல்டர் பகிர்வுக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். வெளியே போகாத ஒரு உள்வலை வைத்து, விண்டோஸோடு ஃபோல்டர் பகிர உதவும் சம்பா வழியாகப் பகிர்ந்திருக்கிறேன். இதற்காகவே விண்டோஸ் எக்ஸ்பியைத் தவிர்த்தேன். எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய எஸ்எம்பி பகிர்வு முறையை இன்றைய சம்பா தானாக ஏற்பதில்லை. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், பழைய மெஷின்களில் பலவற்றில் ஆஃபாக இருக்கும்.

கோயமுத்தூர் ஆஃப்செட்டுக்கு ஃபைல் அனுப்பும் முறையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரைப் போட்டு, பிரிண்ட் டு ஃபைல் கொடுத்து, அந்த ஃபைலை வெளியே லினக்ஸில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கருவி வைத்து பிடிஎஃப் ஆக்குகிறேன். பேஜ்மேக்கரின் பிரிண்ட் ஆப்ஷன்ஸில் டவுன்லோடு ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் ட்ரூடைப்பும் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிரஸ்ஸில் பாமினி போய் கூரியர் வந்து உட்கார்ந்திருக்கும். எங்கள் கடைப் பெண் இதை மானிட்டர் ஓரத்தில் எழுதியே ஒட்டியிருக்கிறாள். "அண்ணா, அனுப்பறதுக்கு முன்னாடி பிடிஎஃப்ல ஃபான்ட் லிஸ்ட் பாத்தீங்களா?" என்று கேட்காமல் எந்த ஃபைலையும் வெளியே விடமாட்டாள்.

இதற்கு ஆகும் செலவையும் மறைக்கக் கூடாது. உள்ளே ஓடுவது விண்டோஸ் என்பதால் அதற்கு முறையான லைசென்ஸ் வேண்டும். மெஷினோடு சேர்ந்து வந்த ஓஈஎம் லைசென்ஸ் அந்த மெஷினுக்கு மட்டும்தான். தனியாகப் பெட்டியில் வாங்கிய ரீடெயில் லைசென்ஸைத்தான் இப்படி இடம் மாற்றலாம். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, எனவே அதை இணையத்தோடு இணைப்பது தற்கொலை. ஆதார் கைரேகை வேலைக்கு இணையமும் வேண்டும், கருவியும் வேண்டும் என்பதால் இந்த மூடி வைத்த மெஷின் அதற்கு ஆகாது. அதற்கு ஆதரவுள்ள விண்டோஸ் மெஷின் ஒன்றைத் தனியே வைத்திருப்பதே புத்திசாலித்தனம். புது போட்டோஷாப்பை இதில் ஓட்டிப் பார்க்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு கேட்கும் சாஃப்ட்வேர் எதுவும் இதில் சுகமாக ஓடும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

4 ஜிபி ராம் மட்டும் இருக்கிற மெஷினில் விர்ச்சுவல் மெஷின் ஓடும், ஆனால் பக்கத்தில் பிரவுசரைத் திறந்தால் இரண்டும் திணறும். ராம் சேர்க்க முடியாதவர்கள் வைனிலேயே இருக்கலாம். கடைக்கு இப்போது வரும் புது ஆர்டர்களை நான் ஸ்கிரைபஸில் யூனிகோடில்தான் அடிக்கிறேன். போன வருசத்து நோட்டீஸைக் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் விர்ச்சுவல் மெஷின் திறக்கிறது. பூச்சாட்டு மாதங்களில் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது.